மாலை போட்ட வெல்டர்

இதை எழுத எனக்குப் பல வருடத் தயக்கம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்பது ஒன்று. யாரிடமும் சொல்லாதே என்று என் சிநேகிதன் சத்தியம் வாங்கியிருந்தது இன்னொன்று.

இங்கே கத்தாரில் தினமும் காலையில் கேட்டில் முதலில் எங்கள் காலைத்தான் பார்க்கிறார்கள். இரும்பு முனை வைத்த ஷூ இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். முகத்தைப் பார்ப்பவர் யாருமில்லை. செக்யூரிட்டி குனியும்போதெல்லாம் எனக்குச் செல்வத்தின் ஞாபகம் வரும்.

கருங்குழியில் நானும் செல்வமும் ஒரே வெல்டிங் பட்டறையில் வேலை செய்தோம். வெளிநாட்டு வேலைக்குப் போனால் ஒரே விமானத்தில் போவது என்றுதான் பேச்சு. அதற்காகவே வேண்டிக்கொண்டு அவன் ஐயப்பனுக்கு மாலை போட்டான். பங்காளி வீட்டில் சாவு விழுந்ததால் அந்த வருடம் நான் போடக்கூடாது. கொஞ்ச நாளிலேயே கூடுவாஞ்சேரியில் டெஸ்ட் என்று ஏஜென்ட் கூப்பிட்டார். "பாத்தியா சாமி, ஐயப்பன் இன்னா ஸ்பீடு!" என்று சிரித்தான்.

விரதத்தில் இருந்தவன் வெறுங்காலோடு டெஸ்டுக்கு வந்தான். ஷூ இல்லாமல் வெல்டிங் மிஷினைத் தொடக்கூடாது என்றார்கள்.

"போட்டுக்க சாமி. வேலைக்குன்னா தப்பில்லன்னு குருசாமியே சொல்லிகீறாரு" என்றேன்.

"ஐயப்பன்கிட்ட கேக்கும்போது ஒரு பேச்சு, கெடச்சதும் ஒரு பேச்சா? நீ போ சாமி."

டெஸ்ட் எடுக்க வந்த வெளிநாட்டு அதிகாரி, பாவம், ஷூ வாங்க வக்கில்லாதவன் என்று நினைத்துவிட்டார். ஒரு ஜோடியை எடுத்து வந்து அவன் காலடியில் வைத்து, "ஃப்ரீ, ஃப்ரீ" என்றார். செல்வம் அதை இரண்டு கையாலும் எடுத்து, கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தான். என்னைவிட நன்றாக வெல்டு வைப்பவன், நான் பாஸாகி வரும்வரை வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னான்: "ஊர்ல நான் ஃபெயிலுன்னே சொல்லிடு. மாலையாலதான் போச்சின்னு தெரிஞ்சா சாமியத்தான் கிண்டல் பண்ணுவானுங்க." என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

போன மாதம் எங்கள் ஊர்க் கோயிலுக்கு கிரில் கதவு போட்டார்கள். செல்வத்திடம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது "டெஸ்ட்ல ஃபெயிலான கைப்பா அது" என்று யாரோ சொல்ல, வேலை வெளியூர்க்காரனுக்குப் போயிற்று. அவனிடமே போனில் கேட்டேன். "வுடு மச்சான், கதவு நல்லாத்தான் கீது" என்றான். குரல் மட்டும் சரியில்லை.

சாமி பெயரைக் காத்தவனுக்குச் சாமி வாசலிலேயே வேலை இல்லையென்றால் என் மனசு ஆறுமா? சத்தியத்தை மீறுகிறேன். ஐயப்பன் பொறுப்பான்.

இங்கே யார் யார் வீட்டுக்கோ நான் கதவு அடிக்கிறேன். பொறி பறக்கையில் கண்ணாடிக்குள் எங்கள் கோயில் வாசல்தான் தெரிகிறது. அந்தக் கதவுக்கு உள்ளே நிற்கிறேனா, வெளியே நிற்கிறேனா, தெரியவில்லை.

கருங்குழிப் பக்கத்து ஆட்கள் யார் இதைப் படித்தாலும், கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள். முதலில் கோயில்காரர்களிடம் சொல்லுங்கள்.