சுரண்டை அத்தையின் மெட்டு

எங்கள் வீட்டுக்கு முதல் செல்போன் வந்தபோது எனக்குப் பதினோரு வயது. பட்டாளத்தில் இருந்த சித்தப்பா தன் கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது கேன்டீனில் வாங்கி வந்தது. பொத்தான் வைத்த போன். பச்சை வெளிச்சத்தில் கறுப்பு எழுத்து தெரியும். அம்மா ரவிக்கைத் துணியில் அதற்கு ஒரு உறை தைத்துப் போட்டிருந்தாள். சித்தப்பா நாற்பது நாள் இருந்துவிட்டு வடக்கே போனார். போனும் சித்தியும் மேலகரத்தில் எங்களோடு தங்கிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டில் போனுக்குத்தான் வீட்டில் மரியாதை கொஞ்சம் கூடுதல்.

வீட்டுக்குள் டவர் கிடைக்காது. வாசல் ஜன்னல் கட்டையில் வைத்தால் மணி அடிக்கும். கம்பியை ஒட்டி நின்றால் பேசவும் செய்யலாம். தெளிவாகப் பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும்.

அந்தப் போனில் நாமே மெட்டுப் போட்டு மணியாக வைத்துக்கொள்ள ஒரு வசதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வருகிற இணைப்பில் சினிமாப் பாட்டுகளுக்கான எண்களை வரிசையாக அச்சடித்திருப்பார்கள். ஒன்றிலிருந்து ஏழு வரை ஏழு ஸ்வரம். எட்டை அமுக்கினால் ஸ்வரம் குறுகும், ஒன்பதை அமுக்கினால் நீளும், பூஜ்யத்தை அமுக்கினால் சற்று நேரம் சும்மா இருக்கும். அச்சுப்பிழைக்குக் குறைவே கிடையாது. கல்யாணப் பாட்டு என்று போட்டிருப்பதைக் கை வலிக்க அமுக்கி முடித்தால் ஆம்புலன்ஸ் வரும். வெறுத்துப்போய் நானே மெட்டுப் போட ஆரம்பித்தேன். எனக்குச் சங்கீதம் தெரியாது என்பது எனக்கு ஒரு தடையாகப் படவில்லை.

கூப்பிடுகிறவர்களைக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மெட்டு வைக்கலாம் என்று கண்டுபிடித்ததும் என் மதிப்பு ஏறியது. பாவூர்சத்திரம் கமிஷன் கடைக்கு ஒரு மெட்டு. அம்மாவின் பிறந்த வீட்டுக்கு ஒன்று. மற்ற எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. அப்பா விருந்தாளிகள் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, "பாக்காமலே சொல்லுதேன், கமிஷன் கடை" என்பார். கமிஷன் கடையாகவே இருக்கும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

சுரண்டை அத்தைக்கு மட்டும் தனிக் குழு, தனி மெட்டு. அவள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். மாமா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். அத்தை தினமும் போன் செய்வாள். முழங்கால் வலியில் ஆரம்பித்து, மருமகள் சாம்பாருக்கு வந்து, எந்தக் கல்யாணத்தில் யார் தன்னைச் சரியாகக் கூப்பிடவில்லை என்பதில் முடிப்பாள். முடித்துவிட்டாள் என்று நாம் நினைக்கும்போது மறுபடியும் முழங்காலுக்கு வருவாள். அதற்கேற்ப, உச்சத்தில் இரண்டே ஸ்வரம் மாறி மாறி இழுக்கிற மாதிரி அவளுக்கு ஒரு மெட்டுப் போட்டேன். கிணற்று மோட்டார் தண்ணீர் இல்லாமல் காற்றை இழுப்பதுபோல் இருக்கும். வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த மெட்டு அடித்தால் அப்பாவின் கால் தானாகவே பின்வாசல் பக்கம் திரும்பும். "ஏட்டி, அப்பா தோப்புக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிரு" என்று தோப்புக்குப் போகாமலே சொல்வார். அம்மாவுக்கு அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வரும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் எடுத்து, அத்தை கேட்பதற்கெல்லாம் "ஆமா அத்தை" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பிறகு அந்த வேலை சித்தி தலையில் விழுந்தது. யாருக்கும் வேண்டாத வேலை எதுவானாலும் கடைசியாக வந்த மருமகளிடம் போய்ச் சேருவது எங்கள் வீட்டு வழக்கம். சித்தி மாட்டேன் என்று சொல்லவில்லை.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முகாம் பூத்திலிருந்து கூப்பிடுவார். அவருக்குப் பின்னால் வரிசை நிற்கும், பேச்சு பத்து நிமிஷம்தான். தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்ற உரிமையில் அப்பா முதலில் வாங்குவார். வெண்டைக்காய் விலை, மோட்டார் காயில், பக்கத்துத் தோப்புக்காரன் வரப்பை நகர்த்திய அநியாயம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்வார். பிறகு அம்மா. கடைசியில், "ஏட்டி, சித்தியையும் ஒரு வார்த்த பேசச் சொல்லு" என்று என்னிடம் சொல்லுவார். தம்பி மனைவியோடு அவர் நேராகப் பேசுவதில்லை. சித்தியும் அவர் முன்னால் குரலை உயர்த்துவதில்லை. அப்பா நான்கடி தள்ளி நாற்காலியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சித்தி ஜன்னலைப் பார்த்து நின்று, "ம்... ம்... சாப்டீங்களா... ம்" என்பாள். போன் செத்துவிடும். கல்யாணமாகி நாற்பது நாளில் புருஷனை அனுப்பிவிட்டு வாரத்துக்கு மூன்று 'ம்' கொட்டியவள் அவள். அப்பா ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வழக்கத்துக்கு மாறாகப் பத்து 'ம்' கொட்டினாள். கையில் என் பேனா இருந்தது. மத்தியானம் என்னை மாடிக்கு அழைத்துப்போய் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பத்து இலக்க எண். சித்தப்பா சொந்தமாக ஒரு செல்போன் வாங்கியிருந்தார்.

"ஏட்டி, இந்த நம்பருக்கு உங்க அத்தை பாட்டையே வச்சிரு" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்தப்பாவுக்கென்று நான் மனதில் ஒரு அருமையான மெட்டு வைத்திருந்தேன். அதை இரண்டு முறை வாயால் பாடியும் காட்டினேன். சித்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. ஆனா அத்தை பாட்டுத்தான் வேணும்" என்றாள். இந்த மனுஷிக்கு ரசனை என்பதே கிடையாது என்று முடிவுகட்டி, அந்த எண்ணை அத்தையின் குழுவிலேயே சேர்த்தேன். பெயர்? 'அத்தை 2' என்று ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் காற்றை இழுத்தது. அப்பா பின்வாசலுக்குப் போனார். அம்மா பாலைப் பார்க்கப் போனாள். "போ, நீயே எடு. உனக்குத்தான் பொறுமை இருக்கு" என்றாள் சித்தியிடம். சித்தி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். அரைமணி நேரம் கழித்து இறங்கும்போதும் முகத்தைத் தொங்கப்போட மறக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

இப்படி ஒன்றரை மாதம் போயிற்று. இதில் ஒரு சங்கடம் இருந்தது. அதே மெட்டில் நிஜ அத்தையும் கூப்பிட்டாள். சித்தி ஓடிப்போய்த் திரையைப் பார்ப்பாள். '2' இல்லையென்றால் அப்படியே ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவாள். அது அடித்து அடித்து ஓயும். சற்றுநேரம் கழித்து மறுபடியும் அடித்து ஓயும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் மெட்டு முழுசாக ஒலிப்பதைக் கேட்க எனக்கு அது ஒரு வாய்ப்பு.

அப்பாவோ ஊரெல்லாம் சித்தி புராணம் பாட ஆரம்பித்துவிட்டார். எங்க அக்காகிட்ட தினம் அரைமணி நேரம் பேசுதவ இந்த உலகத்துல எங்க வீட்ல மட்டும்தான் இருக்கா, என்று தென்காசியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னாராம். பந்தியில் சொன்னது பந்தியோடு நிற்குமா?

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை, சுரண்டையிலிருந்து வேனில் எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார்கள். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள். அத்தையை மட்டும் எங்கள் வாசலில் இறக்கிவிட்டிருந்தார்கள். வருவதாகச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், போனைத்தான் யாரும் எடுப்பதில்லையே. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். அத்தை ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தி காப்பி கொண்டுவந்தாள்.

அத்தை காப்பியை வாங்கவில்லை. "ஏட்டி, நீ தினமும் என்கூட அரைமணி நேரம் பேசுதியாமே. கல்யாண வீட்ல வச்சு எங்கிட்டயே சொல்லுதாங்க. நான் அடிச்சா இங்கன ஒருத்தரும் எடுக்க மாட்டுக்கீங்க. நான் உன்கூட எப்பட்டி பேசுனேன்?" என்று கேட்டாள்.

சித்தி டம்ளரும் கையுமாக நின்றாள். விஷயம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். பெரியவர்களை ஏமாற்றிப் புருஷனோடு மாடியில் பேசிக்கொண்டிருந்தவள் என்ற பெயர் செங்கோட்டை வரைக்கும் போகும். சித்தப்பாவின் போன் பிடுங்கப்படாவிட்டாலும் இந்தப் போன் அப்பாவின் சட்டைப்பைக்குப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் காற்றை இழுத்தது.

பின்கட்டிலிருந்து அப்பாவின் குரல் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது. "ஏட்டி, அக்கா போன் அடிக்கி! நான் தோப்புக்குப் போயிட்டேன்னு சொல்லிரு! சித்திய எடுக்கச் சொல்லு. அந்தப் பொலம்பல நம்மால கேக்க முடியாது!"

அத்தை அசையவில்லை. போன் அவள் கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னல் கட்டையில் அலறிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்து, பச்சைப் பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தாள். அந்தக் காலத்துப் போன், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "ஏட்டி, மாடிக்கு வந்துட்டியா?" என்றார் சித்தப்பா. அப்படிக் குழைந்த குரலில் சித்தப்பா பேசி நான் கேட்டதே இல்லை.

அத்தை போனைக் காதிலிருந்து எடுத்தாள். சித்தியின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு போனைக் கொடுத்தாள்.

"இந்தா, உன் சுரண்டை மதினிதான் பேசுதா. மாடிக்குப் போ. இங்கன டவர் கிடைக்காது."

சித்திக்குக் கண் நிறைந்துவிட்டது. படியேறிப் போனாள். நான் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காப்பியைக் குடித்தாள்.

அப்பா ஈரத்துண்டோடு வந்து, அக்காவைக் கண்டதும் சிலையாக நின்றார். "எப்பக்கா வந்தே?" என்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான்லே."

"போன் அடிச்ச மாதிரி இருந்துதே..."

"என் மருமக. வீட்ல இருக்கா. அரிசி டப்பா எங்கன இருக்குன்னு கேக்கா. சின்னவகிட்டக் கொடுத்துட்டேன், அவ சொல்லிருவா."

மருமகள் ஐந்தருவியில் நனைந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். இன்றைக்கும் அந்த இடம் எனக்குத் தெரியும். பிறகு அப்பாவைப் பார்த்து, "இந்த வீட்ல என்கூடப் பேசுதவ அவ ஒருத்திதாம்லே. அவள நல்லா வச்சுக்கோ" என்றாள். அப்பா தலையைத் துவட்ட ஆரம்பித்தார். துவட்டியதையே துவட்டிக்கொண்டிருந்தார்.

வேன் திரும்பி வருவதற்குள் அத்தை என்னிடம், "எனக்குன்னு பாட்டுப் போட்டியாமே, அத வையி, கேப்போம்" என்றாள். சித்தி இறங்கி வந்து போனைக் கொடுத்ததும் நான் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்து முழுக்கக் கேட்டாள். "நல்லாத்தான இருக்கு. யாரு சொன்னாலும் இத மாத்திராத, என்னட்டி?" என்றாள். என் மெட்டை அதுவரை யாரும் சிரிக்காமல் கேட்டதில்லை. இந்தக் குடும்பத்தில் சங்கீதம் அறிந்தவள் அத்தை ஒருத்திதான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. சாமி கும்பிட்டதுபோல் சந்தோஷமாக இருந்தது. வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. அருவியில் தலை நனைத்துவிட்டுப் போயேன் அக்கா என்று அப்பா கெஞ்சினார். சளி பிடிக்கும் என்று சொல்லி, அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு நடந்துபோய் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, அக்காவுக்கு நல்லதாக வேறு மெட்டு வை, சாமி பாட்டு ஏதாவது வை என்றார். நான் மறுத்துவிட்டேன். அத்தைக்கு இதுதான் பிடித்திருக்கிறது, அவளே சொன்னாள் என்றேன். அன்றிலிருந்து அந்த மெட்டு அடித்தால் அவர் பின்வாசல் பக்கம் போவதில்லை. எழுந்து ஜன்னல் வரைக்கும் வருவார். அதற்குள் சித்தி எடுத்துக்கொண்டு மாடியேறியிருப்பாள்.

அதற்குப் பிறகும் ரொம்ப நாள் எங்கள் வீட்டில் அந்த மெட்டு அடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் ஒவ்வொரு தடவையும் எட்டித் திரையைப் பார்ப்பேன். '2' இருக்கும். '2' இல்லாமல் ஒருநாளும் அடிக்கவில்லை. சுரண்டையில் அத்தையின் போன் பழுதாகியிருக்கும், மகன் ஒழிந்த நேரத்தில் சரிபண்ணிக் கொடுப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.