பேஸ்காரர்கள் கூடிய ஞாயிறு

பாட்டுக் கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவனை யாரும் பார்க்க மாட்டார்கள். நான்கு கம்பி, தடித்த சத்தம், டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஓரம். போட்டோ எடுத்தால் பாடுகிறவர் தோளுக்குப் பின்னால் எங்கள் பாதி முகம்தான் விழும். அப்படிப்பட்டவர்கள் மட்டும் ஒரு நாள் கூட வேண்டும் என்று முதலில் சொன்னவன் விழுப்புரத்துத் தம்பி ஒருவன். அவனும் பேஸ்காரன்தான். கூடப் பிறக்கவில்லையே தவிர, என் வீட்டு அடுக்களை வரைக்கும் வந்து தட்டு எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிறவன்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிடித்தான். சென்னையிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து சொல்லிக்கொடுப்பார் என்றான். நான் அப்போது பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டிருந்தேன். காவி வேட்டியோடு கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாலை போட்டிருக்கும் நாட்களில் நான் சினிமாப் பாட்டுக்கு வாசிக்க மாட்டேன். உத்திரத்தன்று மட்டும் கூட்டேரிப்பட்டுப் பக்கம் இருக்கிற முருகன் கோயில் மேடையில், எங்கள் ட்ரூப்போடு பக்திப் பாட்டுக்கு வாசிப்பேன். அதற்குக் கூலி வாங்க மாட்டேன். அது வேண்டுதல். என் வீட்டுக்காரிக்கு இரண்டாவது பிரசவத்தில் உயிர் போய் உயிர் வந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, என் கை ஓடுகிற வரைக்கும் வருஷா வருஷம் உன் வாசலில் வாசிக்கிறேன் முருகா என்று சொன்னேன். அவள் பிழைத்தாள். நானும் ஒரு வருஷம் தவறவில்லை.

விரத நாட்களில் எங்கள் ட்ரூப்புக்கு வருகிற மற்றக் கச்சேரிகளுக்கு என் இடத்தில் அந்தத் தம்பி போவான். பேஸ்காரர்களுக்குள் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் இடத்துக்கு இன்னொருவன் போனால், ட்ரூப்காரர் கேட்டாலும் தன் போன் நம்பரைக் கொடுக்கக் கூடாது. வாசித்தோமா, ஒயரைச் சுருட்டினோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும்.

மண்டபத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பேஸ்காரர்கள். கோட்டக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு பாய், "எல்லாரும் அடியில வாசிக்க வந்துட்டோம், மேல பாடறதுக்கு யாருபா?" என்று கேட்டதில் சிரிப்பு அடங்கவே நேரமானது. எல்லோரும் சேர்ந்து சுதி பார்த்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மண்டபத்து மேனேஜர் பதறிப்போய் ஓடிவந்து, இது கல்யாணத்துக்கு விடுகிற மண்டபம், இடிக்கிறதுக்கு இல்லை என்றார். மாஸ்டர் காலை முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். கம்பியைத் தட்டுவது சுலபம், தட்டிய பிறகு அதை விரலால் அடக்குவதில்தான் வேலை இருக்கிறது என்றார். அன்றைக்கு எனக்கு அது விளங்கிய மாதிரி இருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் ஆளாளுக்குப் பேசினார்கள். அந்தத் தம்பி மைக்கைப் பிடித்து, மாற்றாளாகப் போகிறவன் நேர்மையாக இருக்க வேண்டும், அடுத்தவன் ட்ரூப்பில் கண் வைக்கிறவன் நம் கூட்டத்துக்கே வேண்டாம் என்று பேசினான். எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது நான்தான்.

மதியத்துக்கு மேல் மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்த எங்கள் ட்ரூப் ஓனர் வந்தார். அவரைக் கூப்பிட்டிருப்பது எனக்கே தெரியாது. மாலையும் காவியுமாக என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"உங்கள மாதிரி யாருக்கு மனசு வரும் சாமி? இனிமே மேடையே வேணாம்னு வெச்சிட்டீங்களாமே."

"யாருங்க சொன்னது?"

"தம்பிதான் சொன்னாப்ல. நீங்க முழுசா சாமி பக்கம் போயிட்டீங்க, உத்திரத்துக்கும் தன்னையே வாசிக்கச் சொல்லிட்டீங்கனு. போஸ்டரே அடிச்சி ஒட்டியாச்சே."

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். அவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆனது. போஸ்டரில் தம்பி படம் வந்துவிட்டது, ஊர்க்காரர்களிடம் பேர் சொல்லியாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தார். திரும்பிப் பார்த்தேன். தம்பி தலை குனிந்து, ஏற்கெனவே சுதி சேர்ந்திருந்த கிட்டாருக்கு மறுபடியும் சுதி சேர்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசித்தார்கள். நான் கிட்டாரைப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் நிற்கிற இடத்துக்கு அவன் ஓடிவந்தான். "சாமி, கோச்சிக்காதீங்க சாமி. எனக்குன்னு ஒரு ட்ரூப்பு இல்ல. நீங்க எப்படியும் கோயில் கொளம்னு போறவரு, உங்களுக்கு அது பெருசா தெரியாதுன்னு நெனச்சிட்டேன்."

"மாலை போட்டுக்கினு இருக்கறவன் வாயத் தொறந்து திட்ட மாட்டான்னு தெரிஞ்சிதானே இப்ப வந்து சொல்ற?"

அவன் சட்டென்று அத்தனை பேர் பார்க்க என் காலில் விழுந்தான். மாலை போட்டவன் காலில் ஒருவர் விழுந்தால் எடுத்து நிறுத்தித் திருநீறு பூச வேண்டும். அது பேஸ்காரர்கள் தங்களுக்குள் வைத்த சட்டம் இல்லை. இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்து எடுத்துப் பூசினேன். பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, தானும் வந்து பூசிக்கொண்டு போனார்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரி, "நீங்க சாமி சாமின்னு இருக்கற இருப்புக்கு எவன் வந்து சொன்னாலும் நம்பத்தான் செய்வாங்க" என்றாள். அவன் பொய் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பொய்க்கு என் பக்தியையே எடுத்துக்கொண்டானே, அதுதான் தாங்கவில்லை.

உத்திரத்தன்று காவடியை இறக்கி வைத்த பிறகு, கோயில் பின்பக்கத்து மண்டபத்தில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்தேன். மடியில் வைத்து, மேடையில் ஓடுகிற பாட்டுக்கெல்லாம் வரிசையாக வாசித்தேன். கரண்ட்டும் ஸ்பீக்கர் பெட்டியும் இல்லாத பேஸ் கிட்டார் சத்தம் வாசிக்கிறவன் நெஞ்செலும்பைத் தாண்டாது. முன்பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து அவன் வாசிப்பு தரை வழியாக வந்து என் மண்டபத்துத் தூணையும் அதிரவைத்தது. அதில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அவனை மன்னித்துவிடு என்று சாமியிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் அன்று போனேன். கேட்க வாய் வரவில்லை. நான் தவறவில்லை முருகா, வாசித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, கோயிலிலேயே கழற்ற வேண்டிய மாலையைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்தேன்.