தேசப்பன் பாடும் ஒரு ராக்கெட்டும்

என்னால் உட்கார முடியவில்லை. போன வாரம் ஒரு பகல் முழுக்கப் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் நடந்துகொண்டே இருந்தேன். கரையோரம் வடக்கே போவேன், திரும்புவேன், வாட்சைப் பார்ப்பேன், ஏரிக்கு அந்தப் பக்கம் பார்ப்பேன்... ராக்கெட் கிளம்புவதாக இல்லை!

உனக்கு ஏனப்பா இந்த வேலை என்கிறீர்களா? இதே பத்திரிகையின் கடைசிப் பக்க மூலையில் பெயர் போடாமல் பொது அறிவுத் துணுக்கு எழுதுகிற பேர்வழியும் நான்தான். மின்னல் ஏன் முதலில் தெரிகிறது, தபால்தலை சேர்ப்பது எப்படி, கோடை லீவுக்குக் குடும்பத்தோடு எங்கே போகலாம் — எல்லாம் நம் கைங்கரியம். ஊட்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் ஊட்டிக்கு வழி சொன்னவன் நான்.

இந்தத் தடவை ஆசிரியர் கேட்டது, விண்வெளிப் பயணம் பற்றி ஒரு சிறு அறிமுகம். இதையாவது கண்ணால் பார்த்து எழுதுவோமே என்று ஒரு வேகம். பொன்னேரியில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்து, பிறகு படகேறி அந்தக் குப்பத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ராக்கெட் விடுகிற தீவு, வடக்கே பச்சைக் கோடு மாதிரி தெரிகிறது.

அங்கே என்னைவிட மோசமாகத் தவித்துக்கொண்டு ஒருவர் இருந்தார். தேசப்பன். மீனவர். நான் வடக்கே நடந்தால் அவர் தெற்கே நடப்பார். நடுவில் சந்திக்கும்போதெல்லாம், "இன்னா சார், எப்பதான் வுடுவாங்களாம்?" என்பார். எனக்கென்ன தெரியும்? நானே டிரான்சிஸ்டரைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அவசரம் வேறு. ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் சிலதான். ஆளாளுக்கு முந்தினால் அடிதடி ஆகிவிடும். அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு அவனுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் 'பாடு'. முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம், அமாவாசை சமயம், அன்றைக்குத் தேசப்பன் பாடு. அது போனால் மறுபடி அவர் முறை வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.

அவர் படகோ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பாட்டில் விழுகிற இறாலை நம்பித்தான் பலகை மாற்ற ஆசாரியிடம் சொல்லி வைத்திருந்தார். பலகை மாற்றாவிட்டால் மழைக்காலம் முழுக்க அடுத்தவன் படகில் கூலிக்குத்தான் போக வேண்டும். சொந்தப் படகு வைத்திருந்த மனுஷனுக்கு அதைவிட வேறு அவமானம் வேண்டுமா?

ஆனால் ராக்கெட் போகிறவரை ஏரியிலும் கடலிலும் ஒரு படகு இருக்கக்கூடாது என்று மைக் கட்டிய படகில் வந்து சொல்லிவிட்டார்கள். காலையிலேயே போய்விடும் என்றார்கள். போனால், மத்தியானம் தண்ணீர் கடல் பக்கம் இறங்கும்போது கூடவே வருகிற இறாலுக்கு வலை கட்டிவிடலாம். போகவில்லை. மத்தியானமும் ஆயிற்று. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் தேசப்பன்.

பேச்சு மெல்ல ஊர் வழக்கத்துக்குத் திரும்பியது. காற்றடித்து வலை போட முடியாமல் போனால், போன பாடு போனதுதான். யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஆனால் ஊரில் சாவு விழுந்தால் ஒருவரும் தண்ணீரில் இறங்குவதில்லை. எல்லார் பாடும் ஒரு நாள் தள்ளிப் போகும். சரி, ராக்கெட் எதில் சேர்த்தி? மறுநாள் பாட்டுக்கு உரியவரான முனுசாமிக்குச் சந்தேகமே இல்லை. காற்று மாதிரிதான், நாமா தடுத்தோம் என்றார். ஊர்த் தலைவர், முதலில் அது போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். இதற்கு முன் ராக்கெட் யார் பாட்டிலும் வந்து விழுந்ததில்லை போலிருக்கிறது.

வெயில் தாழ்ந்த பிறகு, நான் டீ குடிக்கத் திரும்பிய நேரம் பார்த்து, கிளம்பியது!

முதலில் வெளிச்சம். அப்புறம்தான் சத்தம். நான் எழுதிய துணுக்கு சரிதான் என்று சின்னதாய் ஒரு சந்தோஷம். ஊரே அண்ணாந்து பார்த்தது. மேலே, இன்னும் மேலே... திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புகை கோணிக்கொண்டது. துண்டு துண்டாகக் கடலில் விழுந்தது.

போயிற்று, என் கட்டுரையும் சேர்ந்து முழுகிற்று. எனக்கு எரிச்சல். ஆனால் பகல் முழுக்க அதைத் திட்டித் தீர்த்த தேசப்பன் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "த்சு... பாவம் சார்" என்றார்.

பொழுது சாய மைக் படகு மறுபடி வந்தது. நாளைக்கு ஏரியில் மட்டும் இறங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனது. உடனே ஊர் கூடியது. காற்றா, சாவா? முனுசாமி மறுபடி காற்று என்று ஆரம்பிக்க, தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி கன்னியம்மாதான் எழுந்தாள்.

"காத்துனா அதுபாட்டுக்கு அட்ச்சிட்டுப் போவும். அதுக்கு யாரும் அழ மாட்டாங்க. இது அப்டியா? அங்க எத்தினி பேரு சோறு தண்ணி இல்லாம ஒக்காந்து செஞ்சாங்களோ, இப்ப அழுதுனு இருப்பாங்க. நம்ம தண்ணில, நம்ம கண்ணு எதிருல வுழுந்து பூட்ச்சி. இது சாவு இல்லனா வேற இன்னா?"

தலைவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சாவுதான்" என்றார். "நாளிக்கு தேசப்பன் பாடு. மத்தவன்லாம் ஒரு நாள் தள்ளி. சாவுனா சாவு மாதிரி இருக்கணும். எவனும் ரேடியோ வெக்கக்கூடாது."

கடைசி வாக்கியம் எனக்கு. செய்தி கேட்கத் துடித்துக்கொண்டிருந்த நான், டிரான்சிஸ்டரை நிறுத்தினேன். முனுசாமி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மறுநாள் தண்ணீர் இறங்கும் நேரம். வலையைத் தூக்க ஆள் போதவில்லை. முதலில் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தவர் யார் தெரியுமா? முனுசாமி! பலகை மாற்ற ஆசாரிக்கு அன்றைக்கே ஆள் போயிற்று.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கிளம்பும்போது, கூடையில் இறாலை அள்ளிக்கொண்டிருந்த கன்னியம்மாவிடம் கேட்டேன். இந்தத் தடவை விழுந்ததால் சாவு என்று சொல்லித் தப்பித்தீர்கள். அடுத்த ராக்கெட் ஒழுங்காக மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் யார் பாடு போகும்?

அவள் தலை நிமிராமலே சொன்னாள்:

"நல்லபடியா போய்ச் சேந்தா அது கல்யாணம் சார். கல்யாணத்துக்கும் நாங்க வல போட மாட்டோம்."