விரல் படக்கூடாது

என் தங்கையின் பரிசத்துக்குப் படம் எடுக்க வெளியாள் வேண்டாம் என்று அடம் பிடித்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் நான் வேறு யார் யார் மேலோ பழி போடப் பார்த்தேன். நீங்களும் நம்பிவிடக் கூடாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. பிரிக்ஃபீல்ட்ஸில் நான்காவது மாடியில் எங்கள் வீடு. எனக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க் வேலை. அங்கே இருந்த ஜப்பான்கார இன்ஜினியர் ஒப்பந்தம் முடிந்து நாடு திரும்பியபோது, தன் டிஜிட்டல் கேமராவை எனக்கு விற்றுவிட்டுப் போனார். ஃபிலிம் வேண்டாம், கழுவ வேண்டாம், எடுத்த படம் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கிலேயே யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. இரண்டு வாரம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் ரொட்டி வாங்கவே கீழே இறங்கினேன்.

இப்போது இருப்பதுபோல் அதற்குப் பின்னால் திரை எல்லாம் கிடையாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சின்னத் துளை வழியாகப் பார்த்து அமுக்க வேண்டும். இதுவரை எத்தனை படம் என்று அதன் தலையில் ஓர் எண் வரும், அவ்வளவுதான். படம் எப்படி வந்திருக்கிறது என்பது கடவுளுக்கும் உள்ளே படங்களைச் சேர்த்து வைக்கும் கார்டுக்கும் மட்டுமே தெரியும்.

கூட வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. நல்லவேளையாகப் படங்கள் இருந்தன. ஒரு பக்கத்தில் கார்டின் படம். நிஜக் கார்டும் தீப்பெட்டி அகலம்தான், பிஸ்கட்டைவிட மெல்லியது, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பளபளவென்று தங்க நிறத் தகடு. புத்தகத்தில் அந்தத் தகட்டை ஒரு விரல் தொட, அதன்மேல் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அடுத்த பக்கத்தில் கேமராவின் முகத்தருகே ஒரு விரல், அதன்மேலும் பெருக்கல் குறி. இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு முறை சொல்கின்றன என்று நானாகவே முடிவு செய்தேன். வீட்டில் இருந்த மூன்று பேரையும் ஹாலில் நிற்க வைத்து அறிவித்தேன்.

"கார்டுல விரல் படக்கூடாது. பட்டுச்சுன்னா எல்லாப் படமும் போயிரும். புரிஞ்சதா?"

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். தங்கை, "சரி சார்" என்றாள். அம்மாதான் அக்கறையாக, "விரல் மட்டும்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கேள்வியை அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பரிசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானிலிருந்து இரண்டு வேனில் தாம்பாளங்களோடு வந்து இறங்கினார்கள். நாற்காலி மேல் ஏறியும், பழத்தட்டுக்கு நடுவே முட்டி போட்டும், மாப்பிள்ளையின் அம்மாவை இருமுறை இடித்தும் நான் படம் எடுத்தேன். "படக்காரரு யாருங்க?" என்று அந்த அம்மா கேட்க, "என் மகன்தான்" என்று அம்மா சொன்ன தோரணை இன்னும் நினைவிருக்கிறது. விருந்து முடிந்தபோது கேமராவின் தலையில் ஐம்பத்து நான்கு என்று இருந்தது.

மறுநாள் காலை கார்டைக் கழற்றி, தங்கப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி, ஓரத்தை மட்டும் பிடித்துச் சாமி அலமாரியில் வைத்தேன். எங்கள் வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. என் பிறப்புப் பத்திரமும், பரிசு விழாமல் போன அப்பாவின் நம்பர் சீட்டுகளும் அங்கேதான் இருக்கும்.

படத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் வேலையை அடுத்த சனிக்கிழமைதான் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் கார்டைக் கேமராவில் போட்டுப் பார்ப்பேன், முடிந்ததும் அது மறுபடி சாமி அலமாரிக்கே போய்விடும். கேமராவின் ஒயரைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகப் போனால், அது போய்ச் சேரவேண்டிய ஓட்டையில் ஏற்கெனவே மவுஸ் உட்கார்ந்திருந்தது. மவுஸைப் பிடுங்கி கேமராவைச் சொருகினேன். இப்போது எதையும் அமுக்க மவுஸ் இல்லை. கேமராவைப் பிடுங்கி மவுஸைச் சொருகினேன். மவுஸ் இருக்கிறது, அமுக்கக் கேமரா இல்லை. இப்படி மேசைக்கு அடியில் போய்ப் போய் வந்ததில் தலையில் மூன்று இடத்தில் வீங்கியதுதான் மிச்சம்.

மேலும் ஓர் ஓட்டை இருந்தது, ஆனால் அது அகலம். அதற்கு ஒரு இணைப்புத் துண்டு வாங்கி வந்தேன். அதன் இரண்டு முனையிலும் ஊசிகளே நீட்டிக்கொண்டிருந்தன. ஓடிப்போய் மாற்றி வந்தேன். அடுத்து ஜப்பான் சிடியைப் போட்டால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக ஏதோ வந்தது. எது 'சரி', எது 'வேண்டாம்' என்று தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்கினேன். எதை அமுக்கினாலும் ஒரு மணி அடித்தது. கேமராவில் சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்ட ஆரம்பித்தது.

சிவப்பு விளக்கு என்றால் பேட்டரிதானே? புதுசாக நான்கு போட்டேன். சிமிட்டியது. சுவர்க் கடிகாரத்துடையதைப் பிடுங்கிப் போட்டேன், டிவி ரிமோட்டுடையதையும் போட்டேன். சிமிட்டிக்கொண்டே இருந்தது. கடிகாரம் பத்து இருபதில் நின்றது. அப்பா சேனல் மாற்ற எழுந்து நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு முறை எழும்போதும் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு நண்பர் இருந்தார். எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "கம்பேட்டிபல் இல்ல லா, பாஸ்." ஒயர் கம்பேட்டிபல் இல்லை, கம்ப்யூட்டர் கம்பேட்டிபல் இல்லை, நான் வாங்கிய பேட்டரிகூட கம்பேட்டிபல் இல்லையாம். அதை வீட்டில் வந்து சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்டார். பொருத்தம் இல்லை என்று அர்த்தம் என்றேன்.

"பொருத்தம் பாக்காமலா வாங்கிட்டு வந்த?" என்றார் அம்மா. "உன் தங்கச்சிக்கு ஒம்போது பொருத்தம் இருந்தும் ரெண்டு வாரம் யோசிச்சோம்."

இதற்குள் கிள்ளானிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா மூன்று நாளுக்கு ஒருமுறை போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

"படம் கழுவியாச்சா தம்பி?"

"இது கழுவற படம் இல்ல ஆன்டி."

"ஓ. அப்ப காயறதுக்கு லேட்டாவுமா?"

ஆமாம் ஆன்டி, காய்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தங்கைதான் சிரிக்கவில்லை. ஒரு நாள் சமையற்கட்டு வாசலில் என்னை மறித்தாள்.

"அண்ணே, உள்ள படம் இருக்கா இல்லையா?"

"அம்பத்து நாலு இருக்கு."

"நீ பாத்தியா?"

"நம்பர் காட்டுச்சு."

"நம்பரையா சட்டம் போட்டு மாட்டறது?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "எனக்கு ஒரு தடவதான் பரிசம். நீதான் போட்டோக்காரரு வேணாம்ன. இப்ப என்கிட்ட ஒரே ஒரு படம்கூட இல்ல."

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். உப்பு வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான் வந்தது. அவள் கோபித்தால் தாங்கிக்கொள்வேன், அழுதால் முடியாது. பெட்டியில் இன்னொரு ஒயர் மிச்சம் இருந்தது, மஞ்சள் தலையோடு. டிவியில் சொருகுவதாம். கம்ப்யூட்டரே வேண்டாம், டிவியிலேயே அவள் பார்க்கட்டும் என்று அப்பாவின் செய்தியை நிறுத்திவிட்டுச் சொருகினேன்.

டிவியில் ஏதோ வந்தது. கறுப்பு வெள்ளையில், மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தது. ஜப்பான் கேமரா அனுப்புகிற முறை வேறு, நம் ஊர் டிவிக்குத் தெரிந்த முறை வேறு என்று பிறகு தெரிந்துகொண்டேன். நடுவில் ஒரு வரி எழுத்து மட்டும் ஓடி ஓடி மறைந்தது. நாங்கள் நால்வரும் அதைப் பிடிக்கத் தலையை மேலும் கீழும் ஆட்டினோம். பிடித்தும் பயனில்லை, அதுவும் ஜப்பான் எழுத்து. அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. "மாப்பிள்ளை எங்கடா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். தங்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மூன்றாவது சனிக்கிழமை கார்டையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு, இம்பி பக்கம் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதான சீன அங்கிள். மூக்கு நுனியில் கண்ணாடி. கார்டை நேராகப் போட்டுப் படிக்கும் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. ஒயர் வேண்டாம், மவுஸ் சண்டை வேண்டாம். கார்டை அதில் போட்டார். ஒன்றும் வரவில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

அவர் கார்டை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு முறை மோந்தார். பிறகு மலாயும் ஆங்கிலமும் கலந்து, இத்தனை வருஷத்தில் எத்தனையோ கார்டு பார்த்திருக்கிறேன், இது ஏன் இப்படி மணக்கிறது என்று கேட்டார்.

நான் பதில் யோசிப்பதற்குள் கட்டைவிரல் நகத்தால் தங்கத் தகட்டைச் சுரண்டினார். விரல் படக்கூடாது என்று கத்தியேவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிள் கண்டுகொள்ளவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பர் அழிப்பான் ஒன்றை எடுத்துத் தகட்டின்மேல் மெதுவாகத் தேய்த்தார். வெள்ளைத் தாளில் மஞ்சள் தூள் உதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை, வாசனையே சொல்லிவிட்டது. அது எங்கள் வீட்டுச் சந்தனம்.

தங்க நிறத்தின் மேல் சந்தன நிறம். எப்படித் தெரியும்? ஒரு முறை துணியால் துடைத்திருந்தால்கூட போயிருக்கும். ஆனால் நானோ என் சட்டத்துக்கு நானே பயந்து, மூன்று வாரமாக ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அங்கிள் கேமராவில் கார்டு போடும் வாயையும் சின்ன பிரஷால் சுத்தம் செய்து கொடுத்தார். கார்டு பெட்டிக்குள் போனது. திரையில் ஐம்பத்து நான்கு பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்றை மட்டும் திறந்து காட்டினார். என் தங்கை, தலை நிறையப் பூ, தாம்பாளத்தைப் பார்த்துக் குனிந்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தனத் தூள் பட்டுவிட்டது என்று அங்கிளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் நான்கு பிளாப்பி டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும் வழி முழுக்க அம்மாவை என்னென்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை சரளமாக வரும். பிரிக்ஃபீல்ட்ஸ் வருவதற்குள் நல்ல நீளமான பேச்சாகத் தயாராகிவிட்டது. வீட்டில் அம்மா பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் இருந்தாள்.

"அம்மா, அந்தக் கார்டுல சந்தனம் வச்சது யாரு?"

"நான்தான்" என்றார் அம்மா, கொஞ்சம்கூடத் தயங்காமல். "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வச்சேன். உள்ள நம்ம புள்ளயும் மாப்பிள்ளையும் இருக்காங்கல்ல?"

"விரல் படக்கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "நான் விரலாலயா வச்சேன்? நீ சொன்னியேன்னு வெத்தல காம்பாலதான் தொட்டு வச்சேன். குங்குமம்கூட வைக்கல, மாப்பிள்ளை மூஞ்சில ஒட்டிக்குமேன்னு."

பஸ்ஸில் தயாரித்த பேச்சை அப்படியே மடித்து வைத்துவிட்டுப் பிளாப்பிகளை வெளியே எடுத்தேன்.

"படம் வந்துச்சா இல்லையா?" என்றார் அம்மா.

"வந்துச்சு."

"பின்ன என்ன?" என்று மறுபடி காயை எடுத்துக்கொண்டார்.

தங்கை அதற்குள் என் கையிலிருந்த பிளாப்பிகளைப் பிடுங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், படம் மேலிருந்து வரி வரியாகத்தான் இறங்கும். முதலில் கூரை விசிறி வந்தது, பிறகு தலைகள், பூ, புடவைச் சரிகை. அவள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தின் கீழ்ப்பகுதி இறங்கியபோது, இடது மூலையில் இளஞ்சிவப்பாக, கொழுத்த உருண்டையாக ஏதோ எழுந்து நின்றது. அடுத்த படத்திலும் அது இருந்தது. அதற்கடுத்த படத்தில் மாமாவின் பாதி முகத்தையே விழுங்கியிருந்தது.

அது என் கட்டைவிரல். நான் பார்த்த துளை வேறு, படம் பிடித்த கண் வேறு. துளையில் தெரியாத விரல் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. புத்தகத்தில் இருந்த இரண்டாவது பெருக்கல் குறி எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐம்பத்து நான்கில் பத்தொன்பதில் விரல் இருந்தது. மோதிரம் போடும் படத்தைத் திறந்தாள். மாப்பிள்ளை மோதிரத்தை நீட்டுகிறார், இவள் கையை நீட்டுகிறாள், இருவருக்கும் நடுவே என் விரல் நிற்கிறது. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறாள் என்று நினைத்தேன். ஏதாவது சொல்லலாம் என்று கிட்டப் போனேன். நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துச் சிரித்து முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே" என்றாள். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு. "மோதிரம் எனக்குத்தானே போட்டாங்க? நீ ஏன் விரல நீட்டிக்கிட்டு நிக்கற?"

அம்மா காயோடு எழுந்து வந்து, திரைக்கு அருகே குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"நகத்தையாவது வெட்டியிருக்கலாம்ல" என்றார்.

விரல் விழாத படங்கள் முப்பத்தைந்து இருக்கின்றன, எல்லாம் ஆல்பத்தில். கிள்ளானில் தங்கை வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது மோதிரப் படத்தைத்தான். நான் அங்கே போயிருக்கும்போது யாராவது புதிதாக வந்தால் மச்சான் என்னைக் கூப்பிட்டு அதன் பக்கத்தில் நிற்கச் சொல்லுவார். நானும் போய்க் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வருவேன்.