தூங்குகிறவனை எழுப்பாத ரயில்

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டாலே அலுப்பாக இருக்கிறது. எலி வளர்க்கிறேன் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். முழுதாகச் சொன்னால் இவ்வளவுதான்: மூளையில் மார்ஃபின் போய் உட்காருகிற இடங்கள் உண்டு, ஏற்பிகள் என்போம். அந்த ஏற்பிகளில் ஒரு வகையைத் தொடுகிற மருந்தைப் பக்கவாதம் வந்த எலிக்குப் போட்டால், மூளை அழிவது குறைகிறதா என்று பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். குறைகிறது. எலிக்கு.

போன வருஷம் என் அண்ணனுக்கே பக்கவாதம் வந்தது.

அவன் வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்டில் நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி. காலை ரயிலில் கோலார் தங்கவயலுக்குத் திரும்புவான். சுரங்கம் மூடியதிலிருந்து எங்கள் ஊரில் பாதிப்பேர் ரயிலை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அந்த ரயிலில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவன் கண்ணை மூடிவிட்டால், அவன் ஸ்டேஷன் வரும்வரை யாரும் எழுப்பக் கூடாது. டிக்கெட் பரிசோதகர் வந்தால்கூடப் பக்கத்து ஆள்தான் பதில் சொல்வார். அன்றைக்கும் அண்ணன் ஏறி உட்கார்ந்து ஜன்னலோரம் சாய்ந்தான். முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று கூட்டாளிகள் அவன் துண்டை எடுத்து முகத்தில் போட்டார்கள். சீட்டாட்டத்தைக்கூடச் சத்தமில்லாமல் ஆடினார்களாம். ஊர் வந்து துண்டை எடுத்தால், வாய் கோணிக் கிடந்தது.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் மறுபடி பெங்களூருக்கே கொண்டுவந்தோம். வழியெல்லாம் டிராஃபிக். கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்று டாக்டர் கேட்டார். ரயில் ஏறும்போது என்று மட்டும்தான் எங்களால் சொல்ல முடிந்தது. அந்தக் கணக்குப்படி, ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் தாண்டிப் போயிருந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போச்சு.

ஐசியு வாசலில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் லேப்ல அந்த மருந்து இருக்குதில்ல? கொஞ்சம் எடுத்தாந்து குடேன். எலிக்குக் குடுக்கிறத உங்கண்ணனுக்குக் குடுக்க மாட்டியா?"

எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கள் மருந்தை மனிதருக்கு இன்னும் கொடுத்துப் பார்த்ததே இல்லை. அப்படியே கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், நேரத்துக்கு எங்கே போவது? எலியின் ரத்தக்குழாயை அடைப்பதே நாங்கள்தான். அடைத்த நிமிஷம் தெரியும், கையோடு மருந்தும் போகும். அண்ணனுக்கு எந்த ஸ்டேஷனில் அடைத்ததென்று யாரைக் கேட்பது? இதையெல்லாம் சொன்னேன். நீ படித்து என்ன பிரயோஜனம் என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே அப்படித்தான் தோன்றியது.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, ரயில் கூட்டாளிகள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். நான் கொதித்துப் போயிருந்தேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். மனுஷன் தூங்குகிறானா, மயங்கிக் கிடக்கிறானா என்றுகூடவா பார்க்க மாட்டார்கள்? ஆனால் அவர்களில் மூத்தவர் கட்டிலருகே வந்து நின்று, தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்.

"அப்பவே எழுப்பிப் பாத்திருந்தா, நல்லா ஆயிருப்பாராம்மா?"

அண்ணன் என்னையே பார்த்தான். முழுதாக இல்லாவிட்டாலும் பாதியாவது தேறியிருப்பான் என்றுதான் என் படிப்பு சொன்னது.

"இல்லண்ணா. எழுப்பியிருந்தாலும் இதேதான்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். அதற்கப்புறம் நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு, இத்தனை நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்ததை அண்ணனிடம் கேட்டேன்.

"அன்னிக்கு ரயில்ல நீ தூங்கிட்டா இருந்த?"

இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அவங்க பேசுனது கேட்டுச்சா?"

ஆமாம் என்று தலையசைத்தான். பிறகு இடது கையைத் தூக்கி, ஒரு விரலை உதட்டில் வைத்து, அவனுக்காக அவர்கள் ஒருவரையொருவர் சத்தம் போடாதே என்று அடக்கியதைச் செய்து காட்டினான்.