எதிரணி பேசிவிட்ட என் பேச்சு

பட்டிமன்றத்தில் பேசுகிறவர்களைப் பற்றி ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. வாய் நீளம், அதனால் பேசுகிறார்கள் என்று. இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, தினமும் பால்காரர் வருவதற்கு முன்பே மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியைச் சபையாக வைத்துப் பேசிப் பழகியவள் நான். எங்கே மூச்சு வாங்கலாம், எந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தினால் சிரிப்பு வரும், கைதட்டல் அடங்க எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று போனில் பதிவு செய்து, கேட்டு, திருத்தி, மறுபடி பேசுவேன். மழை நாளில் குடையோடு போயிருக்கிறேன். முதுநகரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் கொஞ்சம் மறை கழன்றவள்.

இவ்வளவு உழைத்தும் எல்லா மேடையிலும் என்னைக் கடைசிப் பேச்சாளராகத்தான் போடுவார்கள். ஜனம் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரம் அது. வருஷக்கணக்கில் செருப்புச் சத்தத்துக்கு நடுவில் பேசியிருக்கிறேன். சிதம்பரத்தில் ஓர் அமைப்பாளர் இருக்கிறார். புவனகிரி, சிதம்பரம், கடலூர் என்று இந்தப் பக்கத்து மேடைகளில் பாதி அவர் கையில். ஒருநாள் அவரே போன் செய்தார். “இந்தத் தடவ அணித் தலைவர் நீங்கதான் மேடம். நல்லா பண்ணிட்டீங்கன்னா அப்புறம் உங்கள நிறுத்தவே முடியாது” என்றார். நல்லா பண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. பழையபடி செருப்புச் சத்தம்தான், எனக்குத் தெரியும். எனக்கு அந்த இடம் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவும் வேண்டும்.

தலைப்பு, வீட்டில் நிம்மதிக்குக் காரணம் பேசுவதா, பேசாமல் இருப்பதா என்பது. நான் பேசுவதே என்ற அணி. பழக்கமெல்லாம் என்னுடையது, சரக்கு மட்டும் என்னுடையது இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த மாமியார் ஜோக், டாக்டர் ஜோக், யூடியூபில் யாரோ பேசிக் கைதட்டல் வாங்கிய குட்டிக் கதை. இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். சொந்தமாக ஏதாவது எழுதிப் பார்த்தால், ‘இதற்கு யார் சிரிப்பார்கள்’ என்று நானே அடித்துவிடுவேன். ஊரே ஏற்கெனவே சிரித்த ஜோக் என்றால் பயமில்லை.

சிதம்பரத்தில் பட்டிமன்றம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரரும் நானும் கடலூரில் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டுக்குள்ளேயே பேச்சை ஓட்டிக்கொண்டு வந்தேன். அவர் வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் திறந்தார்.

“பால் காச்சினியே, கேஸ ஆஃப் பண்ணியா?”

எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. “இத கடலூர்லயே கேக்குறதுக்கு என்னா?”

“நீ மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்த. தொந்தரவு பண்ண வேணாம்னு பாத்தேன்.”

நடுரோட்டில் கத்த முடியாது. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவர்களுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு மேடை ஏறினேன்.

எதிரணித் தலைவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். எனக்கு முன்னால் அவர் பேசினார். மாமியார் ஜோக்கைத் தன் கட்சிக்குத் திருப்பிச் சொன்னார். சரி, ஒன்று போனால் போகட்டும் என்று என் பேப்பரில் கோடு போட்டேன். டாக்டர் ஜோக்கைச் சொன்னார். குட்டிக் கதையையும் விடவில்லை. அதை ‘என் நண்பர் வீட்டில் நடந்தது’ என்று வேறு சொன்னார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் அதே வாட்ஸ்அப், அவருக்கும் அதே வாட்ஸ்அப். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? என் பேப்பரில் ‘நடுவர் அவர்களே’ மட்டும்தான் மிச்சம். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் ஜாஸ்தியாக வந்தது.

நடுவர் என்னை அழைத்தார். மைக் முன்னால் நின்று வணக்கம் சொன்னேன். கோடு போட்ட பேப்பரை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரர் போனை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் கவலையும் இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“நடுவர் அவர்களே, பேசாம இருந்தா நிம்மதின்னு எதிரணி சொல்றாங்க. கடலூர்லேர்ந்து ஒருத்தர் என் பக்கத்துல பேசாமயே வந்தாரு” என்று ஆரம்பித்தேன். பஸ், பால், கேஸ் எல்லாம் நடந்தபடியே வந்தன. “தொந்தரவு பண்ண வேணாம்னு பாத்தேன்” என்று அவர் குரலிலேயே சொன்னபோது முன்வரிசைப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு குரலைத் தாழ்த்தினேன்.

“எதிரணி சொல்ற நிம்மதி இருக்குதே, அது இந்நேரம் முதுநகர்ல எங்க வீட்டு அடுப்புல பொங்கிக்கிட்டிருக்குது.”

நடுவர் மணியடிக்க மறந்து கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மாடியில் நின்ற காலைகளில் ஒன்றுகூட வீண்போகவில்லை. நிறுத்தமும் மூச்சும் நான் தேடாமலேயே வந்தன. இத்தனை வருஷம் அவற்றை வைத்துக்கொண்டு அடுத்தவர் சரக்கைத்தான் சுமந்திருக்கிறேன். நானே எழுதி நானே அடித்துப்போட்ட வரிகளை நினைத்தால் வயிறு எரிந்தது.

கீழே இறங்கியதும் வீட்டுக்காரர் வந்தார். “நீ மேடையேறுன ஒடனே பக்கத்து வீட்ல பாத்துச் சொல்லிட்டாங்க. ஆஃப்லதான் இருந்துச்சாம்.”

“அத அப்பவே கை காட்டியிருக்கக் கூடாதா?”

“நீ மேடையில இருக்குறப்ப தொந்தரவு...” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் அமைப்பாளர் சால்வையோடு ஓடி வந்தார். “பிரமாதம் மேடம்! அடுத்த மாசம் புவனகிரியில வச்சிருக்குறோம். நீங்கதான் தலைவர். இதே பஸ்ஸு, இதே பாலு, இதே கேஸு. ஒரு வார்த்தகூட மாத்தாதீங்க.”

நான் இவ்வளவு நாள் காத்துக்கிடந்த அழைப்பு. ஆனால் இந்தப் பேச்சையும் மனப்பாடமாகத்தான் கேட்கிறார்.

“அதுக்குள்ள இத எதிரணி சொல்லிடும் சார். நான் வேற கொண்டாரேன்.”

அவர் முகம் சுருங்கியது. “வேற என்னா கொண்டாருவீங்க?”

“இன்னும் தெரியல சார்” என்றேன். சொல்லும்போது பயமாக இல்லை.