கிரைண்டர் நின்றிருந்த மாலை

சுவிட்சை அணைத்த பிறகும் மின்விசிறி உடனே நிற்பதில்லை. கொஞ்ச நேரம் தன் போக்கில் சுற்றி, கடைசிச் சுற்றுகளில் முனகி, அதற்குப் பிறகுதான் அடங்கும். பம்பாய் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய அரங்கில், மே மாத வெக்கையில், வரிசையாக விசிறிகள் அடங்குவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி விசிறியும் நின்றபோது பியானோவின் முன்னால் இருந்தவர் தோளில் கிடந்த சின்னத் துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரிட்டி, ஓடவிடு" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம் பெண்பிள்ளைகளை அழைக்கிற அந்த "ட்டி"யை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. செம்பூரில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விளம்பரங்களுக்கும் சீரியல்களுக்கும் குரல் பதிவது எங்கள் தொழில். முதலாளி சார், "ஒரு மேடம் வெஸ்டர்ன் பியானோ பதியணுமாம், நீ போயிட்டு வா" என்று அனுப்பியபோது, ரயிலில் வழியெல்லாம் ஆங்கில வாக்கியங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் அவர். மாட்டுங்காவில் பிள்ளைகளுக்குப் பியானோ கற்பிப்பவர் என்பதால் எல்லோருக்கும் மிஸ். தாராவியில் எங்கள் வீட்டில் பேசுகிற தமிழைத்தான் அவரும் பேசினார்.

என் அப்பா தோல் பை தைக்கிறார். அம்மா அந்தப் பைகளுக்கு ஜிப் வைக்கிறார். இருவரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றைக்குத்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஒலிப்பதிவில் டிப்ளமோவும் வாங்கினேன். இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

மிஸ் வாசித்தவை ஐரோப்பாவில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்ட நடன இசைகள். ஒரு தொகுப்பில் மெதுவான நடனமும் இருக்கும், துள்ளுகிற நடனமும் இருக்கும். அப்படி ஆறு தொகுப்புகள். வெளிநாட்டில் ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஆறும் முழுமையாக வந்தால் வெளியிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தது. "அஞ்சு அனுப்புனா அஞ்சும் எங்க வீட்டுப் பீரோவுலதான் கெடக்கும்" என்றார் மிஸ். பல வருடங்களாக அதற்காகவே தன்னைத் தயார் செய்துகொண்டிருந்தவர் அவர். நல்ல பியானோ இருந்த அந்த அரங்கு கோடை விடுமுறையில் மட்டுமே கிடைக்கும். மேலே தகரக் கூரை. மழைக்காலம் தொடங்கிவிட்டால் அதன் கீழே எதையும் பதிய முடியாது. பள்ளி திறப்பதற்கும் மழை இறங்குவதற்கும் முன்னால் ஆறும் முடிந்தாக வேண்டும்.

முதல் சில நாட்கள் அவர் எதை வாசித்தாலும், "நல்லா இருக்கு மிஸ்" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அதோடு, படித்த ஒருவரிடம் 'சரியில்லை, மறுபடியும்' என்று சொல்வதை நான் எங்கள் வீட்டில் பார்த்ததே கிடையாது. அப்பா தைத்த பையைத் திருப்பிக் கொடுப்பவர்கள்தான் அதைச் சொல்வார்கள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ மிஸ் இருக்கையிலிருந்து எழுந்து என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏட்டி, நல்லா இருக்குன்னு சொல்லதுக்கு எனக்கு எங்கம்மை இருக்கா. நீ எதுக்கு? வாசிக்கும்போது என் காது பாதி விரல்லதான் இருக்கும். மிச்சப் பாதி நீதான். தப்புன்னா தப்புன்னு சொல்லணும்."

அன்றிலிருந்து சொல்லப் பழகினேன். பெஞ்சு கிறீச்சிட்டது மிஸ், ரயில் சத்தம் உள்ளே வந்துவிட்டது மிஸ், இந்த இடத்தில் அவசரப்பட்டீர்கள் மிஸ். முதன்முதலாக அந்தக் கடைசி வகையைச் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்ப வாசித்தார்.

அந்த நடனங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். மிஸ் இரண்டாம் முறை அப்படியே திருப்ப மாட்டார். அங்கங்கே நகாசு சேர்ப்பார், ஓர் இடத்தில் தயங்குவார், இன்னோர் இடத்தில் சிரிப்பது போல ஓடுவார். "மொதல் தடவை தெருவுல நேரா நடந்து போறோம். ரெண்டாந்தடவை அதே தெருதான், ஆனா தெரிஞ்ச வீட்டுல ஏறி ஒரு காப்பி குடிச்சிட்டுப் போறோம்" என்று எனக்கு விளக்கினார்.

எங்களுக்கு வாய்த்த பெரிய தொல்லை, அரங்கின் பின்புறம் இருந்த சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஓடிய ஒரு கிரைண்டர். ஓட்டல்களுக்கு மாவு அரைத்துக் கொடுக்கும் அக்காவுடையது. அதன் உறுமல் பியானோவின் கீழ்ச் சுரங்களோடு கலந்து மைக்கில் ஏறிவிடும். நான் பின்வாசல் வழியாகப் போய், "அக்கா, உள்ள ரெக்கார்டிங் நடக்கு. கொஞ்சம் பந்த் பண்ணுதீங்களா?" என்று கேட்டேன்.

"பந்த் பண்ணிட்டு? ஓட்டல்காரனுக்கு உங்க பியானோவ அரைச்சு ஊத்தவா?"

"இந்த வெயில்ல மத்தியானம் அரைச்சா சாயங்காலமே பொங்கிருமே அக்கா. காலையில புளிச்சிருக்குன்னு அவன் கத்தலையா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கத்தத்தான் செய்யுதான். நீ எந்த ஊரு புள்ள?" என்றார். ஊர் தெரிந்த பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. "ஆறு மணிக்கு மேல அரைக்கேன். அதுக்குள்ள உங்க மேடம் முடிச்சிரணும். ஆறுன்னா ஆறுதான், சொல்லிட்டேன்."

மிஸ்ஸிடம் வந்து சொன்னதும் சிரித்தார். வெக்கையில் பியானோவும் சுருதி இறங்கும். அதைச் சரிசெய்ய ஒருவர் தினமும் காலையில் வந்து போனார். "அவ மாவும் என் பியானோவும் ஒரே ரகம்ட்டி. வெக்கை கூடுனா புளிச்சிரும்."

கடைசி நாள் வந்தபோது ஆறாவது தொகுப்பின் கடைசி நடனம் மட்டும் மிச்சம். மறுநாள் அரங்கைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வானம் மதியத்திலிருந்தே கருத்துக்கொண்டு வந்தது. அந்த நடனம் வேகமானது, பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. மாலையில் ஒருவழியாக அது வந்தது. அப்படி ஒரு வாசிப்பை அந்த மாதம் முழுக்க நான் கேட்டிருக்கவில்லை. முடித்ததும் மிஸ் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தார். "ஆறும் முடிஞ்சிட்டு."

என்னால் சிரிக்க முடியவில்லை. இரண்டாம் பாதியைத் திருப்பி வாசிக்கும்போது ஹெட்போனில் அந்த உறுமல் வந்திருந்தது. மணியைப் பார்த்தேன். ஆறு தாண்டியிருந்தது.

வெளியே வந்து சாருக்குப் போன் போட்டேன். "முதல் தடவை வாசிச்சதைக் காப்பி பண்ணி அங்கே ஒட்டிடு. யாருக்குத் தெரியப்போறது? மேடம்கிட்டே சொல்லி டென்ஷன் ஏத்தாதே. மழை வரதுக்குள்ளே சாமானைக் கட்டு" என்றார். என்னால் அதைச் செய்ய முடியும். அரை மணி நேர வேலை. ஆனால் காப்பி குடிக்க ஏறிய வீட்டை அந்தத் தெருவிலிருந்து எடுத்துவிட்டதாக ஆகும்.

உள்ளே போய்ச் சொன்னேன். "மிஸ், கடைசியில கிரைண்டர் விழுந்திருக்கு. இன்னொரு தடவை வாசிக்கணும்."

அவர் ஹெட்போனைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கலாம். எந்தப் பெரியவரும் அப்படித்தான் செய்வார். அவர் துண்டை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டே, "நிறுத்தச் சொல்லிப் பாரு. கை சூடு ஆறதுக்குள்ள வாசிச்சிருதேன்" என்றார். அவ்வளவுதான். என் காது சொன்னதை அவர் சோதிக்கவே இல்லை.

பின்வாசலுக்கு ஓடினேன். மாவுக்கார அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "மணியப் பாரு. நான் சொன்ன சொல்லுல நின்னேனா, இல்லையா?"

"நின்னீங்கக்கா. நாங்கதான் லேட்."

"அரிசி பாதி அரைபட்டுக் கெடக்கு. இப்ப..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மழை கொட்டியது. நான் நனைந்துகொண்டு திரும்பினேன். தகரக் கூரையின் கீழே நாங்கள் பேசிக்கொள்வதே கேட்கவில்லை. மிஸ் பியானோவை மூடிவிட்டு அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். ஆறில் ஒன்று போனால் எல்லாமே போன மாதிரிதான் என்பது இருவருக்கும் தெரியும்.

எங்கேயோ பட்டென்று ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன. கொஞ்ச நேரத்தில் மழையும் வந்த வேகத்திலேயே ஓய்ந்தது. கூரை விளிம்பில் சொட்டுவது நிற்கும் வரை சும்மா இருந்தோம். அப்போதுதான் கவனித்தேன். தெருவில் கரண்ட் இல்லை. கிரைண்டர் இல்லை, தண்ணீர் மோட்டார் இல்லை, எந்த வீட்டிலும் டிவி இல்லை, ஏசி இல்லை. பம்பாயில் பிறந்து வளர்ந்த நான் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் கேட்டதில்லை. என் பதிவுக் கருவி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

பின்வாசலில் மாவுக்கார அக்கா வந்து நின்றார், முழங்கை வரை மாவோடு. "இப்ப வாசிக்கச் சொல்லு உங்க மேடத்த. எனக்குந்தான் வேல இல்லியே, நானும் கேக்கேன்" என்று படியில் உட்கார்ந்தார்.

ஒரு ரயில் கடந்து போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, மிஸ் வாசித்தார். நான் பக்கத்தில் நின்று செல்போன் வெளிச்சத்தைத் தாள்மேல் பிடித்தேன். முந்தைய வாசிப்பை விட நன்றாக இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அது பறந்தது, இது நடந்தது. ஆனால் இரண்டாம் பாதி திரும்பியபோது அவர் புதிதாக ஏதோ ஒரு வீட்டுக்குள் ஏறினார். அதுவரை நான் கேட்டிராத வீடு.

"எடுத்தாச்சாட்டி?"

"எடுத்தாச்சு மிஸ்."

"கரண்டு வரதுக்குள்ள இந்தச் சும்மா இருக்கதையும் எடு."

அது எங்கள் வேலையில் உள்ள ஒரு பழக்கம். யாரும் இல்லாதது போன்ற அரங்கின் அமைதியைச் சிறிது நேரம் பதிந்து வைத்துக்கொண்டு, ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒட்டுவோம். அக்காவிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் மாவுக்கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். பதிந்தோம். நிறுத்தும் பொத்தானை நான் அழுத்திய சற்று நேரத்தில் விளக்குகள் எரிந்தன, பின்னால் கிரைண்டர் தானாக உறுமத் தொடங்கியது. "ஐயோ, மூடி போடாம வந்துட்டேனே!" என்று அக்கா எழுந்து ஓடினார். மிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஆறும் வெளிவந்தன. உறையில் தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் போடச் சொல்லியிருந்தார் மிஸ். அப்பா அதை வாசிக்க மாட்டார். எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டு, பையின் தையலைச் சரிபார்ப்பது போல அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். இன்று செம்பூரில் என் எதிரே யார் வந்து குரல் கொடுத்தாலும், 'இன்னொரு தடவை' என்று என்னால் தயங்காமல் சொல்ல முடிகிறது. என் காதை ஒருவர் நம்பியதால் வந்தது அது.

ஆறாவது தொகுப்பை அவ்வப்போது போட்டுக் கேட்கிறேன். ஒரு நடனம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சிறு இடைவெளி வரும். தூர நாட்டில் கேட்பவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை. மழை விட்ட மாட்டுங்காத் தெரு ஒன்றின் அரங்கில் மூன்று பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது.